சிவப்பு நூல், பச்சை நூல்

கேப்டன் என்று எங்கள் தெருவே கூப்பிட்ட மனுஷன் ஒரு நாள்கூட விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டியை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார், அவ்வளவுதான். கை நடுக்கம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பேச்சைக் கேட்டால் வானத்தையே அவர்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று தோன்றும். நான் எதிர் வாசல். ஒரே மாடி, நடுவில் நாலடி நடை. போர்டு எழுதிப் பிழைக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாய் பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் வீட்டம்மா தையல்காரி. நான் அண்ணி என்பேன். முன் அறையில் தையல் மிஷின், கட்டில், இஸ்திரி மேசை; மிச்ச இடம் முழுக்க விமானம். இரண்டு பேர் உட்காரும் பழைய காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை, அளவு பிசகாமல் நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. ரிமோட் பெட்டியால் ஓட்டுவது. இறக்கை இரண்டையும் மாட்டினால் நான் படுத்தாலும் அதைவிடக் குட்டைதான். பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் எடையே தெரியாது, பிளேடால் அறுக்கலாம். அதில் விலா எலும்பு மாதிரி துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, மேலே மெல்லிய துணி போர்த்தி, துணியை ஒவ்வொரு விலாவோடும் நூலால் தைத்து முடிச்சுப் போட்டு, அதற்கும் மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். அசல் விமானத்தில் அப்படித்தான் தைத்திருந்தார்களாம். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகூட நாலில் ஒரு பங்கு. இதெல்லாம் கேப்டன் கையால் ஆகிற காரியமா? டீ கிளாஸையே அவர் இரண்டு கையால் பிடித்துத்தான் குடிப்பார்.

செய்தவள் அண்ணி. இரண்டு வருஷம். காலையில் ஊரார் துணியைத் தைத்து முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் விமானத்தில் உட்காருவாள். கேப்டன் கட்டிலில் சாய்ந்துகொண்டு புத்தகத்தைப் பார்த்து அளவு சொல்வார். மழை நாளில் துணி தொய்ந்துபோகும். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் காட்டி அதை முறுக்கேற்றுவாள். அந்த அறைக்குள் போனாலே பசை நாற்றமும் வார்னிஷ் நாற்றமும் மூக்கைத் துளைக்கும். சோற்றிலும் அந்த வாசனைதான் என்று கேப்டன் குறைப்படுவார். எழுத்து மட்டும் என் வேலை. வால் பக்கத்து எண்ணையும், கதவுக்குக் கீழே இருக்கும் எறும்பு சைஸ் எழுத்துகளையும் மூன்று மயிர் தூரிகையால் எழுதிக் கொடுத்தேன்.

கேப்டன் தன் கையால் செய்தது ஒரே ஒரு வேலை. வலது இறக்கையில் சின்ன மோட்டார் உட்காரும் பள்ளத்தை, நானே வெட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்து வெட்டினார். இறக்கையின் பின்னோரத்தில் கதவு மாதிரி ஏறி இறங்கும் பலகை ஒன்று உண்டு, எய்லரான் என்பார்கள். இடது பலகை ஏறி வலது பலகை இறங்கினால் விமானம் இடப்பக்கம் சாயும். அந்தப் பலகையை ஆட்டுகிற மோட்டார் அது. பள்ளத்தைத் தப்பாக வெட்டியதால் வலது மோட்டாரைத் திருப்பித்தான் வைக்க முடிந்தது. அதற்குத் தகுந்த மாதிரி ரிமோட் பெட்டியிலும் மாற்றி வைத்தார்கள். அதனால் இரண்டு இறக்கையிலிருந்தும் வரும் ஒயர்கள் இடம் மாறவே கூடாது. மாறினால் குச்சியை இடப்பக்கம் தள்ளும்போது விமானம் வலப்பக்கம் சாயும். அண்ணி இடது ஒயரிலும் அது மாட்டும் துளையிலும் சிவப்பு நூல் சுற்றினாள். வலது பக்கம் பச்சை நூல். நிஜ விமானத்தின் இறக்கை விளக்கும் அதே நிறம்தானே என்று சிரித்தாள்.

வருஷா வருஷம் நடக்கும் மாதிரி விமானப் போட்டிக்கு விண்ணப்பத் தாள் வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். இந்த வருஷம் முதலில் வரும் விமானத்தைக் கட்டியவருக்கு, அருங்காட்சியகத்தின் விமானப் பிரிவில் மாதிரி செய்யும் வேலை கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். நிரந்தர வேலை. ஜன்னலோரம் மேசை, நல்ல கருவிகள். அண்ணி அந்த அறிவிப்பை வெட்டித் தையல் மிஷின் டிராயரில் வைத்திருந்தாள். அவள் வாயைத் திறந்து ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தாளில் ஒரு வரி இருந்தது: இந்த விமானத்தின் எல்லா வேலையும் என் கையால் செய்தது. கீழே கையெழுத்து. பொய் என்று தெரிந்தால் மூன்று வருஷம் தடை.

"இந்தா, பேனாவ எடு," என்றார் கேப்டன். "என் பேர எழுது, கையெழுத்து மட்டும் நான் போடுறேன்."

அண்ணி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"ஏங்க, கட்டினவங்க பேர் கேட்டிருக்கு."

"அதான் என் பேர எழுதுங்கறேன்."

"ஓட்டுறவர் நீங்க. கட்டினது..."

"கட்டினவரும் ஓட்டுறவரும் ஒரே ஆளா இருக்கணும். அதான் சட்டம். நீ ஓட்டுவியா? குச்சியத் தொட்டிருக்கியா?"

"தொட விட்டீங்களா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரே வீடு," என்றார் குரலை இறக்கி. "ஒரே உலை. யார் பேர்ல வந்தா என்ன, சோறு எல்லாருக்கும்தானே? நீ என்னமோ பங்காளி மாதிரி பேசற."

"வேலை கிடைச்சா அங்க போய் உக்காரணும். எந்தக் கையால ஒட்டுவீங்க?"

அது கொஞ்சம் அதிகம்தான். கேப்டனின் முகம் சுண்டிப்போயிற்று. கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"வேலைய வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவேன். நீ செஞ்சு குடு. இப்ப செய்யல?"

"இப்ப செய்யறேன்தான்."

"அப்புறம் என்ன? இருபத்திரெண்டு வருஷம் பெட்டி வண்டி ஓட்டினேன். ஒரு பய என்னை நிமிந்து பாத்ததில்ல. ஒரு தடவை பாக்கட்டுமே. அது உனக்குப் பொறுக்கலையா?"

அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் பெயரை எழுதினாள். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுத்து வேலையும் இவர் கையால் செய்தது என்றுதானே ஆகிறது, எனக்காகவே நான் பேசவில்லை, அவளுக்காக எங்கே பேசப்போகிறேன்?

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் எடை பார்த்தோம். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை முட்டுக்கொடுத்துத் தூக்கினால் விமானம் மூக்கும் தாழாமல் வாலும் தாழாமல் நிற்க வேண்டும். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வால் தாழ்ந்தது. மூக்குக்குள் ஈயத் துண்டு வைத்தாள். எடுத்தாள், கொஞ்சம் அறுத்தாள், மறுபடி வைத்தாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், காற்று பட்டால் கணக்குத் தப்பும் என்று. வியர்வை மூக்கு நுனியில் சொட்ட நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து விமானம் அவள் விரல் நுனியில் அசையாமல் நின்றது.

"இப்ப எய்லரான்," என்றாள். வாலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள். மூக்குக்கு நேரே நின்று பார்த்தால் இடம் வலமாகத் தெரியும், பழகினவர்களே ஏமாந்துபோவார்களாம். அவள் சொன்ன பக்கம் கேப்டன் குச்சியைத் தள்ளினார்; பலகைகளைப் பார்த்துச் சரி சொன்னதும் அவள்தான்.

"இடதுங்க."

"இடது மேல, வலது கீழ. சரி."

"வலதுங்க."

"வலது மேல, இடது கீழ. சரி."

ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக் குச்சியைப் பிடித்துவிட்டால் மட்டும் அவர் கை நிற்கும். அது என்ன மாயமோ. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

பிறகு கேள்வி பதில் ஒத்திகை. நடுவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று அண்ணி தன் தையல் அளவு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இடுப்பு, மார்பு, கை நீளம் என்று கோடு போட்ட நோட்டு. கேப்டன் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார்.

"முடிச்சுக்கு முடிச்சு எவ்ளோ?"

"பதினெட்டு மில்லி."

"பதினாறு. வால் பக்கம்தான் பதினெட்டு."

"ஒரு ரெண்டு மில்லிக்கு எவன் உயிரை விடப்போறான்?"

"நான் விட்டிருக்கேன்," என்றாள் அண்ணி.

போட்டியன்று காலையில் வாடகை வேனில் கிளம்பினோம். வேகவைத்த முட்டை, ரொட்டி, பிளாஸ்கில் டீ. ராத்திரி பெய்த மழையில் மைதானம் ஈரமாகக் கிடந்தது. காற்று ஒரே சீராக வீசாமல் விட்டு விட்டு அடித்தது. அண்ணி இறங்கியதும் இறக்கைத் துணியைத்தான் தொட்டுப் பார்த்தாள். தொய்யவில்லை. அவள் வேன் ஓட்டுநருக்குக் கொடுக்கச் சில்லறை மாற்றப் போன நேரத்தில் கேப்டன் விமானத்தின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெயிண்டரே, பிளேடு இருக்கா?"

கொடுத்தேன். ஒயர்களிலும் துளைகளிலும் சுற்றியிருந்த நாலு நூலையும் அறுத்தார்.

"அண்ணே, எதுக்கு?"

"நடுவரு உள்ள டார்ச் அடிச்சுப் பாப்பாரு. கலர் கலரா நூல் கட்டியிருந்தா டெய்லர் கடைன்னு காட்டிக் குடுத்துடும். எனக்குத் தெரியாதா எது இடது எது வலதுன்னு? இதைத் தூரப் போடு."

மைதானத்தில் குப்பை போட்டால் திட்டுவார்கள். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மைதானத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே விமானத்தைக் கட்டியவரும் ஓர் உதவியாளும்தான் போகலாம். உதவியாளாக உப்புக்குச் சப்பாணி நான். "அவ வந்து நின்னா பாக்கறவன் ஆயிரம் கேப்பான்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அண்ணி கயிற்றுக்கு வெளியே ரொட்டிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறக்கைகளை நானும் கேப்டனும் மாட்டினோம். ஒயர்களை அவரே உள்ளே விட்டு மாட்டினார். விரல் நடுங்க நடுங்க, தடவித் தடவி. எனக்கு அதில் ஒரு எழவும் தெரியாது.

நடுவர் வயதான மனுஷன், நிஜ விமானத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அசல் விமானத்தின் படத்தையும் எங்கள் விமானத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இறக்கையருகே மண்டி போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இந்த முடிச்சு யார் போட்டது?"

"நான்தான் சார்," என்றார் கேப்டன். இரண்டு கையும் பேண்ட் பைக்குள் இருந்தன.

"நாப்பது வருஷத்துல நான்கூட இவ்ளோ சுத்தமா போட்டதில்ல."

"பழக்கம்தான் சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணிக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தரையில் வைத்துப் பார்த்த அந்தச் சோதனையில் மதிப்பெண்ணில் எங்கள் விமானம்தான் முதல். அருங்காட்சியக அதிகாரி வந்து கேப்டனின் தோளைத் தட்டினார். இனி பறந்து இறங்கினால் போதும். இஞ்சின் ஓடியது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேப்டன் விமானத்தின் மூக்குக்கு நேரே, அதிகாரியின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளினார்.

"ஆடுதா?" என்றார்.

"ஆடுது," என்றேன்.

ஆடியது வாஸ்தவம். எந்தப் பக்கம் ஏறியது, எந்தப் பக்கம் இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. வாலுக்குப் பின்னால் இருந்தவன் நான். அண்ணி நிற்கிற இடத்தில் நான் இருந்தேன்.

"ஏங்க," என்று கயிற்றுப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம் நில்லுங்க. எய்லரானப் பாருங்க."

கேப்டன் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் பின்பக்கம் காட்டினார், சும்மா இரு என்று. அதிகாரி யாரென்று கேட்டார். "வீட்டுக்காரி. பயப்படுறா," என்று சொல்லி, விமானம் ஓட வழிவிட்டு அவரோடு ஓரமாக ஒதுங்கினார் கேப்டன். "விடுய்யா வால."

விட்டேன்.

விமானம் ஓடி, வால் தூக்கி, தரையை விட்டுக் கிளம்பியது. அழகாகத்தான் கிளம்பியது. ஒரு ஆள் உயரம் போனதும் காற்று வலது இறக்கைக்கு அடியில் புகுந்து தூக்க, விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. கேப்டன் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. முழுக்கத் தள்ளினார். இடது இறக்கை நுனி தரையில் கொத்தியது, மூக்கு மண்ணில் செருகியது, உடம்பு புரண்டது. இரண்டு வருஷ வேலை நாலு விநாடியில் முடிந்தது. காற்றில் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

விழுந்த விமானத்துக்கு ஒரு தாள் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கூடாரத்தில் நடுவர் சிதைந்த உடம்பைத் திறந்து பார்த்தார். "ஒயர் மாறியிருக்கு," என்றார். "யார் மாட்டினது?"

கேப்டன் ரிமோட் பெட்டியைக் கழட்டிவிட்டார். கை இப்போது மறைக்க முடியாதபடி ஆடியது. சுற்றிலும் பத்துப் பேர். அருங்காட்சியக அதிகாரி வேறு நின்றார். கேப்டன் கயிற்றைத் தாண்டி வந்து நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"இவதான்," என்றார். "ஒயர் வேலையெல்லாம் இவளோடது. சொன்னாக் கேக்கறதில்ல. நான் என்ன பண்ண?"

நடுவர் விண்ணப்பத் தாளைப் புரட்டினார். "எல்லா வேலையும் உங்க கையால செஞ்சதுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஒயர் மட்டும் சார். சும்மா ஒத்தாசைக்கு." கேப்டன் மென்று விழுங்கினார்.

நடுவர் அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்கதான் மாட்டினீங்களாம்மா?"

என் கை சட்டைப் பைக்குப் போனது. நூல் விரலில் பட்டது. எடுத்து மேசையில் போட்டுவிட்டு, மாட்டினது இந்த ஆள், அறுத்ததும் இந்த ஆள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணி என் கையைப் பார்த்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு நூல் நுனியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை, கண்ணை மட்டும் என்னை விட்டு எடுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க, நான்தான்," என்றாள் நடுவரிடம். "ஒயர் மட்டும் இல்லைங்க. எழுதிக்கோங்க. விலா வெட்டினது, ஒட்டினது, துணி போத்தினது, தைச்சது, வார்னிஷ் அடிச்சது, சக்கரம் வச்சது, எடை பாத்தது எல்லாம் நான். எழுத்து இந்தப் பெயிண்டர் தம்பி. வலது இறக்கையில மோட்டார் பள்ளம் மட்டும் அவரு."

"ஏய், என்ன உளர்ற," என்றார் கேப்டன்.

நடுவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "முடிச்சு நீங்க போட்டதா?"

அண்ணி கிழிந்த இறக்கையைத் தூக்கி மேசையில் வைத்தாள். பிய்ந்து தொங்கிய நூலை எடுத்து, மரத்தைச் சுற்றி விட்டு, அடியில் வாங்கி, இழுத்து முடிச்சுப் போட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பக்கத்து முடிச்சுக்கு அளந்து வைத்த மாதிரி பதினாறு மில்லியில் உட்கார்ந்தது. நடுவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் பேனா மூடியைத் திறந்தார். பிறகு எழுதினார். கேப்டனுக்கு மூன்று வருஷத் தடை. விபத்துத் தாளில் காரணமானவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர், எதிரே அவள் சொன்ன வேலைகள் முழுக்க. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அருங்காட்சியக அதிகாரி போகும்போது பக்கத்து ஆளிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "கைவேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு ஒயரைப் பாத்து மாட்டத் தெரியலையே." இரண்டாவதாக வந்தவருக்கு அந்த வேலை போயிற்று.

திரும்பும்போது கேப்டன் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் உடைசல். முட்டையும் ரொட்டியும் தொடாமல் கிடந்தன. நான் நூலை எடுத்து நீட்டினேன்.

"நான் சொல்லியிருக்கணும், அண்ணி. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, போய்ச் சொல்லிட்டு வரேன். பழி உங்க தலையில எதுக்கு?"

"சொன்னா என்ன ஆகும்? ஒயர் மாட்டினது அவருன்னு ஆகும். அப்புறம் முழுக்கக் கட்டினதும் அவருன்னே ஆயிடும். குத்தம்னாத்தான் தம்பி அவரு எனக்குப் பங்கு குடுப்பாரு. அதையும் வேணாம்னா எனக்கு என்ன மிஞ்சும்?"

"அந்த வேலை போச்சே, அண்ணி."

"அது தாள்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே போச்சு."

நூலை வாங்கிக்கொள்ளவில்லை. நான் மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் என் தூரிகை டப்பாவில் கிடக்கிறது.

உடைசலை அண்ணி அடுப்புக்குப் போடவில்லை, மாட்டியும் வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுநாள் காலையிலேயே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கேப்டன்தான் தெருவில் தலைகாட்ட முடியாமல் பத்து நாள் கிடந்தார். அப்புறம் மெல்ல டீக்கடைக்கு வந்தார். என்ன கேப்டன், விமானம் மூக்குடைஞ்சு போச்சாமே என்று யாராவது கேட்பார்கள். அவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடி ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"அது நான் கட்டினது இல்லப்பா. என் பொண்டாட்டி கட்டினது. முழுக்க அவ கட்டினது. அதான் விழுந்துடுச்சு."

மேலே மிஷின் சத்தம் ஒரு நொடி நிற்கும். அவர் சொல்லி முடித்ததும் மறுபடி ஓடும்.